காரில் விழுந்த ஒடுக்கை வீட்டிலேயே எடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஒடுக்கு எடுக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது பெயிண்ட் கேன். உண்மையில் அது கடைசியாகத் தேவைப்படும் பொருள். பல ஒடுக்குகளுக்குத் தேவையே படாது. வேலை நன்றாக வருமா வராதா என்பது தகட்டிலும், பள்ளத்தை நிரப்பப் பூசும் பசையான பட்டியிலும் முடிவாகிவிடுகிறது. பெயிண்ட் எந்தப் பள்ளத்தையும் மறைப்பதில்லை. பளபளப்பு ஏற ஏற, இருக்கும் குறையை இன்னும் எடுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

கீழே சொல்லியிருப்பவை எஃகுத் தகட்டில், உள்ளங்கை அளவுக்குள், தகடு கிழியாமல் விழுந்த ஒடுக்குகளுக்கானவை. பிளாஸ்டிக் பம்பருக்கு வழி வேறு. அது கடைசியில் தனியாக இருக்கிறது.

1. வீட்டில் எடுக்கக்கூடிய ஒடுக்குதானா?

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை ஒடுக்கின் மேலும் அதைச் சுற்றிலும் வைத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் எஃகு. காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கனம்தான். அதனால்தான் கைக்கருவிகளுக்கு அது வசப்படுகிறது. எங்குமே பிடிக்கவில்லையென்றால் அது அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு தளர்ந்தால், அங்கே ஏற்கெனவே யாரோ பட்டி பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தட்டினால் பழைய பட்டி வெடித்துப் பெயரும்.

பழக்கமில்லாதவர்கள் அலுமினியத் தகட்டைத் தொட வேண்டாம். எஃகைப்போல் பழைய வடிவத்துக்குத் திரும்பும் போக்கு அதற்குக் குறைவு. எளிதில் விரிசலும் விடும். எஃகில் அடித்த சுத்தியலை அதன்மேல் பயன்படுத்தினால் இரும்புத் துகள் பதிந்து, அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும்.

அடுத்து, ஒடுக்கு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கூரையைத் தாங்கும் தூண்கள், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டம் ஆகியவை மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் பாகங்கள். அவற்றில் சுத்தியல் வைக்காதீர்கள். கதவின் மடித்த ஓரத்தில் விழுந்த ஒடுக்கையும் விட்டுவிடலாம். அங்கே இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருப்பதால் கைக்கு அடங்காது.

மூன்றாவது, பெயிண்டின் நிலை. நகத்தை ஒடுக்கின் குறுக்கே மெதுவாக இழுங்கள். விரிசல் இருந்தால் நகம் சிக்கும். பெயிண்ட் முழுதாக இருந்தால் உங்கள் வேலை 5-ம் படியோடு முடிந்துவிடலாம். விரிசல் இருந்தால் கடைசிவரை போக வேண்டும், ஏனென்றால் விரிசல் வழியே ஈரம் புகுந்து பெயிண்டுக்கு அடியில் துரு பரவும்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

இரண்டு கட்டமாக வாங்குங்கள். முதல் கட்டம் ஒடுக்கை எடுப்பதற்கு: பசை கொண்டு இழுக்கும் கிட் (சூடான பசைத் துப்பாக்கி, பிளாஸ்டிக் வில்லைகள், இழுப்பான்), மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், முனை மழுங்கிய நைலான் குச்சி, தகட்டு வேலைக்கான லேசான சுத்தியல், அதற்கு எதிரே பிடிக்கும் டாலி என்கிற இரும்புக் கட்டை, நீளமான எல்இடி விளக்கு. சாதாரண ஆணிச் சுத்தியல் உதவாது. அதன் சிறிய முகம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி போடும்.

இரண்டாம் கட்டத்தை ஒடுக்கு எழும்பிய பிறகு, தேவைப்பட்டால் மட்டும் வாங்குங்கள்: பாலியஸ்டர் பட்டியும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், 80, 180, 320, 400, 800 எண் உப்புத்தாள்கள், தேய்ப்பதற்கான கட்டை, நிறத்துக்கு அடியில் பூசும் ப்ரைமர், நிறப் பெயிண்ட், அதன்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர், மாஸ்கிங் டேப். மெருகேற்ற 1500, 2000 எண் தாள்களும் காம்பவுண்டும்.

முகக்கவசம் இரண்டு வகை வேண்டும். தேய்க்கும்போது தூசுக்கு என்95 போதும். ஸ்ப்ரே அடிக்கும்போது அது போதாது. கரைப்பான் ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் உள்ள கவசம் தேவை. டூ-கே (இரண்டு கூறு கொண்டது) என்று அச்சிட்ட கேன்களில் பெரும்பாலும் ஐசோசயனேட் ஹார்டனர் இருக்கும். அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அதற்கென்றே உள்ள தொழிற்கூடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைச் செலுத்தும் கவசம் அணிந்துதான் அடிப்பார்கள். வீட்டில் அந்த வசதி இல்லையென்றால் ஒரே கூறு கொண்ட பெயிண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. கழுவுங்கள், வெளிச்சத்தில் குறியுங்கள்

சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மெழுகு நீக்கும் திரவத்தால் துடையுங்கள். நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில். திரவம் ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் மறுபடி படிந்துவிடும்.

இப்போது எல்இடி விளக்கை ஒடுக்குக்குப் பக்கவாட்டில் பிடித்து, தகட்டில் விழும் அதன் பிம்பக் கோட்டைப் பாருங்கள். சமதளத்தில் கோடு நேராக ஓடும். பள்ளத்தில் விரிந்து அகலும், மேட்டில் ஒடுங்கி மெலியும். பெரும்பாலான ஒடுக்குகள் வெறும் பள்ளமாக இருப்பதில்லை. நடுவில் உள்ளே போன தகடு, சுற்றிலும் எங்காவது ஒரு வரப்பாக வெளியே தள்ளியிருக்கும். தண்ணீரில் அழியும் பேனாவால் பள்ளத்துக்கு வட்டமும் மேட்டுக்குப் பெருக்கல் குறியும் போடுங்கள்.

புதியவர்கள் தவறாமல் தாவிச் செல்லும் படி இதுதான். வரப்பைக் குறிக்காமல் நடுவை மட்டும் இழுப்பார்கள். நடுப்பகுதி எழும்பும், ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் நின்றுவிடும்.

4. பின்பக்கத்துக்கு வழி

தகட்டின் உள்பக்கம் கை போகுமா என்று பாருங்கள். முன் மட்கார்டுக்கு சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் போதும். டிக்கிப் பக்கச் சுவருக்கு உள்விரிப்பை விலக்கினால் வழி கிடைக்கும்.

கதவு என்றால் நிதானம் தேவை. சில கார்களில் பக்க ஏர்பேக்கைத் தூண்டும் சென்சார் கதவுக்குள் இருக்கிறது. உறையைக் கழற்றும் முன் சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். உறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைக் கிழிக்காமல் உரித்து, பிறகு அதே இடத்தில் ஒட்டுங்கள். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அந்தப் படலம்தான். கதவுக்குள் குறுக்கே ஓடும் கனத்த பாதுகாப்புச் சட்டத்தில் நெம்புகோலை ஊன்றாதீர்கள்.

பின்பக்கம் அணுகவே முடியாவிட்டாலும் கவலையில்லை. வெளியிலிருந்து பசையால் இழுக்கலாம்.

5. ஒடுக்கை எடுத்தல்

ஒரே விதி: கடைசியாக வளைந்தது முதலில் வர வேண்டும். அடி விழும்போது நடுப்பகுதி முதலில் உள்ளே போகிறது, சுற்றியுள்ள வரப்பு பிறகு எழும்புகிறது. வளைந்த இடத்தில் எஃகு முன்பைவிடக் கடினமாகிவிடுவதால், அந்த வரப்பு ஒரு பூட்டைப்போல நடுப்பகுதியை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. வரப்பைத் தளர்த்தினால் நடுப்பகுதியில் ஒரு பங்கு தானாகவே எழும்பும். ஆகவே வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள்.

பசை முறை. பழைய, கம்பெனியில் அடித்த பெயிண்ட் முழுதாக இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். மறுபடி பெயிண்ட் அடித்த தகடு என்றால் வேண்டாம், பசையோடு பெயிண்டும் உரிந்து வரக்கூடும். இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். வில்லையின் முகத்தில் சூடான பசையை வைத்து, பள்ளத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒட்டுங்கள். பசை ஆறிக் கெட்டியாக ஒரு நிமிடம் போல் விடுங்கள். சூட்டிலேயே இழுத்தால் பசைதான் நூலாக நீளும், தகடு அசையாது.

இழுப்பானைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். ஒரே இழுப்பில் எடுக்கும் ஆசைதான் தகட்டை விரியவைக்கிறது. ஒருமுறை இழுத்ததும் வில்லையைச் சுற்றி ஆல்கஹால் விட்டால் பசை கழன்றுவிடும். விளக்கில் பாருங்கள். எழும்பிய மேட்டை நைலான் குச்சியை வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். பிறகு அடுத்த இடம். இழு, பார், தட்டு, மறுபடி பார்: இப்படித்தான் நகரும். பொறுமை இல்லாத நாளில் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

சுத்தியலும் டாலியும். பெயிண்ட் ஏற்கெனவே உடைந்து, பின்பக்கம் கை போனால் இது விரைவான வழி. டாலியைப் பின்னாலிருந்து பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடியுங்கள். சுத்தியலால் பள்ளத்தின் மேல் அடிக்காதீர்கள். பக்கத்திலுள்ள வரப்பின்மேல் அடியுங்கள். ஒரே அடியில் வரப்பு இறங்கும், டாலியின் அழுத்தத்தால் பள்ளம் ஏறும். சுத்தியலும் டாலியும் தகட்டை நடுவில் வைத்து நேருக்கு நேர் மோதினால் 'ணங்' என்று கூர்மையான ஓசை வரும். அந்த ஓசை கேட்டால் தகடு நசுங்கி விரிகிறது என்று பொருள். விரிந்த தகட்டுக்குப் போக இடமில்லாததால், விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அந்த நிலை வந்துவிட்டால் வீட்டில் சரிசெய்வது கடினம். அடி மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல.

ஹேர் டிரையரால் சூடாக்கிக் குளிர்ந்த வாயுவை அடித்தால் ஒடுக்கு தானாக எழும்பும் என்கிற வித்தை, வரப்பே இல்லாத அகலமான ஆழமற்ற ஒடுக்கில் எப்போதாவது பலிக்கும். மடிப்பு விழுந்த தகட்டில் பலிக்காது. சக்‌ஷன் கப்பும் அப்படித்தான்: பெரிய, மழமழப்பான பள்ளத்துக்குச் சரி, எலுமிச்சை அளவு ஒடுக்கில் அதற்குப் பிடிமானமே கிடைக்காது.

எங்கே நிறுத்துவது? பெயிண்ட் முழுதாக இருக்கும் தகட்டில் விளக்கின் கோடு நேரானதும் நிறுத்துங்கள், வேலை முடிந்தது. பட்டி பூசப்போகும் தகட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பள்ளம் மிச்சமிருந்தால் பரவாயில்லை, பட்டி நிரப்பிவிடும். ஆனால் ஒரு மேடுகூட மிஞ்சக் கூடாது. மேட்டை மறைக்க வேண்டுமானால் தகடு முழுவதையும் அந்த உயரத்துக்குப் பட்டியால் ஏற்ற வேண்டிவரும்.

கண்ணை நம்பாமல் கையைக் கேளுங்கள். மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, விரல் நுனியால் அல்லாமல் உள்ளங்கை முழுவதும் படும்படி, ஒடுக்கின் ஒரு பக்க நல்ல தகட்டிலிருந்து மறுபக்க நல்ல தகடு வரை நீளமாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத அலை கையில் தெரியும்.

6. பெயிண்டை உரித்து ஓரத்தைச் சரித்தல்

பட்டி பூசும் இடத்தை 80 எண் தாளால் வெற்று உலோகம் வரை தேயுங்கள். பளபளக்கும் பெயிண்டின் மேல் பட்டி பிடிக்காது. சில மாதங்களில் ஓரம் தூக்கும். 80 எண் தாள் போடும் கீறல்கள்தான் பட்டிக்குப் பிடிமானம். துருப்புள்ளி கண்ணில் பட்டால் கடைசிப் புள்ளி வரை எடுங்கள். மேலே பூசி மூடினால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

பிறகு 180, அடுத்து 320 எண் தாளால் பெயிண்டின் ஓரத்தை வெளிப்பக்கமாகச் சரித்துக்கொண்டே போங்கள். கிளியர், நிறம், ப்ரைமர், அடிப்பூச்சு என்று அடுக்குகள் தனித்தனி வளையங்களாகத் தெரியவரும். வளையங்கள் அகலமாக இருந்தால் சரிவு நன்றாக இருக்கிறது. நூல்போல நெருக்கமாக இருந்தால் அது படிக்கட்டு. கடைசியில் கிளியருக்கு அடியில் ஒரு கோடாகக் கண்ணில் படும்.

7. பட்டி கலக்குதல்

தகட்டை மெழுகு நீக்கியால் துடைத்து, அன்றே பட்டி பூசுங்கள். வெற்று எஃகு ஈரக் காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கலாம்.

அளவு 100 கிராம் பட்டிக்கு ஏறக்குறைய 2 கிராம் ஹார்டனர். டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரை அதிகம் போடுகிறவர்கள் உண்டு. ஹார்டனரிலிருந்து மிஞ்சிய பெராக்சைடு பின்னால் பெயிண்ட் வழியே கறையாக மேலே வரும். குறைத்துப் போட்டால் பட்டி பிசுபிசுப்பாகவே நின்று உப்புத்தாளை அடைக்கும். ஹார்டனர் டியூபைத் திறக்கும் முன் நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள், உள்ளே பிரிந்திருக்கும்.

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பலகையில் கலக்குங்கள். அட்டைப்பெட்டித் துண்டு கையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது பட்டியிலுள்ள ஸ்டைரீன் என்கிற திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுழற்றிக் கலக்காமல், பட்டி பூசும் பட்டையான கருவியால் அள்ளி மடித்து அழுத்திக் கலக்குங்கள். சுழற்றினால் காற்று புகும். அது தேய்க்கும்போது ஊசித்துளைகளாக வாய் திறக்கும். கோடு கோடாக நிறம் தெரியாமல் ஒரே நிறம் ஆனதும் பூசலாம். கையில் 3 முதல் 5 நிமிடம்தான் இருக்கும். வெயில் நாளில் அதுவும் குறையும், ஆகவே கொஞ்சமாகக் கலக்குங்கள்.

முதல் பூச்சை மிக மெல்லியதாக, கீறல்களுக்குள் இறங்கும்படி அழுத்தி இழுங்கள். அதன்மேல் அடுத்த பூச்சு. தேய்த்து முடித்த பிறகு கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தோன்றினால் பிரச்சினை தகட்டில் இருக்கிறது. 5-ம் படிக்குத் திரும்புங்கள். மீந்த பட்டி இறுகும்போது சூடாகும். ஆறிய பிறகே குப்பையில் போடுங்கள்.

8. பட்டி தேய்த்தல்

20 முதல் 30 நிமிடம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். வெண்மையான கீறல் விழுந்தால் தேய்க்கலாம்.

கட்டையில்லாமல் வெறும் விரலால் தேய்ப்பது மிகச் சாதாரணமான தவறு. விரல்கள் நாலு வாய்க்கால் வெட்டிவிடும். நீளமான கட்டையில் 80 எண் தாளைச் சுற்றி, இடமிருந்து மேல்நோக்கிச் சாய்வாகவும் பிறகு எதிர்ச்சாய்வாகவும் மாறி மாறித் தேயுங்கள். ஒவ்வொரு தள்ளலிலும் கட்டை பட்டிக்கு வெளியே நல்ல தகட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சரியான மட்டம் எது என்று கட்டைக்குச் சொல்வது அந்த நல்ல தகடுதான்.

தேய்த்துக்கொண்டே இருக்கும்போது பட்டியின் நடுவில் ஒரு சிறு உலோகப் பொட்டு மின்னும். அங்கே கவனியுங்கள். சுற்றிலும் இன்னும் பட்டி இருக்கும்போது நடுவில் உலோகம் தெரிந்தால், அது மிஞ்சிப்போன மேடு. தொடர்ந்து தேய்த்தால் பொட்டு காசளவாகும், தகடு மெலியும், சுற்றிலும் பள்ளம் விழும். தேய்ப்பதை நிறுத்தி, அந்தப் பொட்டைச் சுத்தியலால் மிக லேசாகத் தட்டி இறக்கி, அதன்மேல் மெல்லிய பட்டி இழுங்கள். பட்டியின் ஓரங்களில் உலோகம் எட்டிப்பார்த்தால் அது வேறு. மட்டத்தை எட்டிவிட்டீர்கள், 180-க்கு மாறுங்கள்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரைக் குடிக்கும். குடித்த ஈரம் அடியில் துருவாகவும் மேலே கொப்புளமாகவும் வெளிப்படும்.

9. ப்ரைமர்

பட்டியைச் சுற்றி வெற்று உலோகம் தெரியும், ஆகவே எஃகில் நேரடியாகப் பிடிக்கக்கூடிய ப்ரைமரையே தேர்ந்தெடுங்கள். மாஸ்கிங் டேப்பின் ஓரத்தைத் தட்டையாக ஒட்டாமல் பின்னோக்கிச் சுருட்டி ஒட்டுங்கள். அப்போது ப்ரைமர் கூரான விளிம்பாக நிற்காமல் பனிபோல் மங்கி முடியும்.

மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று பூச்சு, நடுவே 10 முதல் 15 நிமிட இடைவெளி. காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தொலைவிலிருந்து லேசாகத் தூவுங்கள். பிறகு கட்டையில் 400 எண் தாளால் தேயுங்கள். கறுப்பு எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். புள்ளியாக நின்றால் ஊசித்துளை. இந்தக் கறுப்புத் தூவலைத் தேவையற்ற அலங்காரம் என்று தவிர்ப்பவர்கள், கிளியர் அடித்த பிறகு அதே பள்ளத்தைப் பார்த்து வருந்துவார்கள்.

ப்ரைமர் முழுதாக உலர ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் கரைப்பான் மெல்ல வெளியேறி ப்ரைமர் பின்னால் சுருங்கும். பட்டியின் வளையம் பளபளப்புக்கு அடியில் தெரியும்.

10. நிறமும் கிளியரும்

பெயிண்டின் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். எண் சரியாக இருந்தாலும் வெயிலில் மங்கிய தகட்டோடு நிறம் ஒத்துப்போகாமல் போகலாம். ஓர் அட்டையில் அடித்து, காயவைத்து, கிளியரும் பூசி, வெயிலில் காரோடு ஒட்டவைத்துப் பாருங்கள். ஈரப் பெயிண்டை ஒப்பிடுவதில் பயனில்லை.

ப்ரைமரை 800 எண் தாளால் மென்மையாக்கித் துடையுங்கள். கேனை இளஞ்சூடான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தினால் பெயிண்ட் நுண்மையாகப் பிரியும். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. காற்றோட்டமான, தீ எதுவும் எரியாத இடத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி அடியுங்கள். தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே விடுங்கள். தகட்டின் மேல் கை நின்றால் அந்த இடத்தில் வழியும்.

முதல் பூச்சிலேயே ப்ரைமர் மறைய வேண்டியதில்லை. மூன்று மெல்லிய பூச்சில் மறைந்தால் போதும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று வெளியே நீளட்டும். மெட்டாலிக் நிறம் என்றால் கடைசிப் பூச்சைச் சற்றுத் தொலைவிலிருந்து தூவுங்கள். நனைய நனைய அடித்தால் மின்னும் துகள்கள் மிதந்து திட்டுத் திட்டாகக் கூடும்.

கிளியரை ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் அடிக்காமல், அந்தத் தகடு முழுவதும், விளிம்பு வரை அடியுங்கள். பழைய கிளியர் இருக்கும் பகுதியை அதற்கு முன் 800 எண் தாளால் மங்கலாக்கியிருக்க வேண்டும். தகட்டின் நடுவில் முடிகிற கிளியர் ஓரம் நாளடைவில் உரியத் தொடங்கும். ஒரே கூறு கொண்ட கிளியர் பெட்ரோல் பட்டால் மங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோல் மூடியருகே அது நிற்காது.

கேனில் சொல்லியிருக்கும் நேரம் வரை காயவிட்டு, தூசு விழுந்த இடங்களை மட்டும் 1500, 2000 எண் தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். தகட்டின் கூரான மடிப்புக் கோடுகளில் தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளியர் அங்கேதான் மெலிதாக இருக்கும்.

11. பம்பர் ஒடுங்கினால்

பெரும்பாலான பம்பர்கள் சூட்டில் இளகும் பிளாஸ்டிக். கொதித்த தண்ணீரை ஒடுக்கின் மேல் மெதுவாக ஊற்றி, கனத்த கையுறையோடு பின்னாலிருந்து தள்ளுங்கள். வடிவம் திரும்பியதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். இந்த வழி எஃகுத் தகட்டில் பயன்படாது. பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் கார்களில் அந்த இடத்தில் பட்டி பூச வேண்டாம். அலைகள் ஊடுருவிச் செல்வதை அது கெடுக்கும்.

12. உள்பக்கம்

வெளியே பளபளப்பு வந்ததும் பலர் கருவிகளைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். சுத்தியலும் டாலியும் பட்ட இடத்தில் தகட்டின் பின்புறப் பூச்சும் உடைந்திருக்கும். அங்கே ப்ரைமர் அடித்து, உள்ளறைகளுக்கான மெழுகு ஸ்ப்ரேயைத் தெளியுங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அந்த மெழுகு அடைக்காமல் ஒரு குச்சியால் திறந்துவிட்டு, அதன் பிறகு உறையை மாட்டுங்கள். வெளிப்பக்கத்துக்கு மெழுகு பூசுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். புதிய பெயிண்டிலிருந்து கரைப்பான் வெளியேற அவ்வளவு நாள் பிடிக்கலாம்.